காசு, வராகன், பவுன்

மாலை வேளையில் ஃபேரர் பார்க் நிலையத்தை விட்டு மேலேறி, சிராங்கூன் சாலையின் நகைக்கடை ஒன்றில் சற்று நின்றால், “பவுன் எத்தனை வெள்ளி?” என்ற வினாவை எப்படியும் ஒருமுறை கேட்டுவிடலாம். மூன்றே சொற்கள் கொண்ட இவ்வினாவில் இரண்டு நாணயங்கள் புதைந்து கிடக்கின்றன. ‘பவுன்’ என்பது இங்கிலாந்தின் ஒரு பவுண்டு மதிப்புடைய சாவரின் என்னும் பொற்காசு. ‘வெள்ளி’ என்பது நீரிணைக் குடியேற்றங்களில் புழங்கிய வெள்ளி டாலர். இவ்விரண்டையும் கையில் கொண்டு இன்று எவரும் கடைக்கு வருவதில்லை. வாங்க வருபவரிடம் இருப்பது ஓர் அட்டை. கடைக்காரர் நிறுப்பது எட்டுக் கிராம். ஆயினும் சொற்கள் மட்டும் பழைய காசுகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவருக்கு ‘வெள்ளி’ என்பது உலோகமாகவோ கிழமையாகவோதான் தோன்றும். நமக்கோ அது டாலர். அதன் நூறில் ஒரு பங்கு ‘காசு’. மலாய் மொழியின் ‘ரிங்கிட்’ என்னும் சொல்லும் இவ்வாறே பிறந்தது. விளிம்பில் பல்வரிசை கொண்டது என்பது அதன் முதற்பொருள். ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் ஓரத்தைப் பார்த்து இட்ட பெயர் அது. தமிழர் உலோகத்தைப் பார்த்தனர், மலாயர் விளிம்பைப் பார்த்தனர்.

இவ்வுரைக்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணமாயிற்று. நம்மிடம் முன்பு பயின்று, இப்பொழுது ஆசிரியராகப் பணியாற்றும் ஒருவர், தம் பாட்டியார் விட்டுச்சென்ற தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு காசுமாலையும், தனியே ஒரு பொற்காசும் இருந்தன. தங்கத்தின் விலை ஏறியிருக்கும் இந்நாளில் மாலையை உருக்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது அவருடைய தம்பியின் கருத்து. பழங்காசு என்றால் எடைக்கு மேல் பல மடங்கு விலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உருக்கக்கூடாது என்பது தங்கையின் கருத்து. நாம் நாணயவியலார் அல்லோம். சொற்களை ஆராய்ந்து ஓய்வுபெற்றவர். எனினும், “காசு என்றால் என்ன என்று நீங்கள்தானே ஐயா எங்களுக்கு ஒரு வகுப்பு முழுவதும் நடத்தினீர்கள்” என்று அவர் சொன்னபின் மறுக்க இயலவில்லை.

அந்த வகுப்பிலிருந்தே தொடங்குவோம். சங்க இலக்கியத்தில் ‘காசு’ என்னும் சொல் வருமிடங்களைத் தொகுத்துப் பார்த்தால், அது முதலில் செலவழிக்கும் பொருளாகத் தோன்றவில்லை; அணியும் பொருளாகவே தோன்றுகிறது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய 67ஆம் பாட்டில், வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்விய கிளிக்கு ஓர் உவமை உண்டு. புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நகநுனியில் பற்றிய பொற்காசு அது. காசு இங்கே மணி, கோவையில் ஓர் உறுப்பு. ஆக, காசுமாலை என்பது நாணயத்தை அணியாக்கிய பிற்கால ஆடம்பரமன்று. அணியின் பெயர் நாணயத்துக்குச் சென்று, பின்னர் நாணயம் மீண்டும் அணிக்குத் திரும்பிய கதையே அது. நாணயம் சேர்ப்போர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பர். அவர்களுக்கு வளையம் பற்றவைத்த காசு ஊனப்பட்ட காசு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பின்னர் அதற்கு வருவோம்.

‘காணம்’ என்பது மற்றொரு பழஞ்சொல். பதிற்றுப்பத்தின் பதிகங்கள், சேர வேந்தர் புலவர்க்கு அளித்த பரிசிலைக் காணத்தில் கணக்கிடுகின்றன. கபிலர் பெற்றது நூறாயிரம் காணம். கொள்ளுக்கும் காணம் என்று பெயர் இருப்பதைக் காணும்போது, அது விதையினாற் பிறந்த நிறைப்பெயராக இருத்தல் கூடும் என்பது நம் கருத்து. சங்ககாலத் தமிழ் வேந்தர் பெயரோடு நமக்குக் கிடைத்துள்ள காசுகள் செம்பிலும் வெள்ளியிலும் ஆனவை. பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசும், மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் பெயர்கள் கொண்ட சேரர் வெள்ளிக்காசுகளும் அவற்றுள் புகழ்பெற்றவை. பெருவழுதிக் காசை 1980களில் அடையாளங்கண்டு உலகறியச் செய்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. பழங்காசு வணிகரிடம் வாங்கிச் சேர்க்கும் ஆர்வலராகத் தொடங்கி, சங்ககாலக் காசுகளைப் பற்றி நூல் எழுதுமளவுக்கு உயர்ந்தவர் அவர். சேர்ப்போர் என்றாலே ஆதாயம் தேடுவோர் என்று எண்ணும் கல்வியாளர்க்கு, நம்மையும் சேர்த்துத்தான், இஃது ஒரு நல்ல மறுமொழி. அவர் கண்ணில் படாமல் உருக்குலைக்குச் சென்ற செப்புக்காசுகள் எத்தனையோ!

காசைச் சோதிப்பவர்க்கும் அக்காலத்தில் பெயர் உண்டு: வண்ணக்கர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்று சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அத்தொழில் ஒட்டிக்கொண்டுள்ளது. காசின் வண்ணம் பார்த்துத் தரம் சொல்பவர் பாடலும் இயற்றினார் என்பது நம் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி. கரூரை அடுத்த புகழூர்க் குகையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவனைக் குறிக்கிறது. அழகர்மலைக் கல்வெட்டில் பொற்கொல்லன் ஒருவன் வருகிறான்.

இவற்றினும் நமக்கு நெருங்கிய சான்று ஒன்று, நாம் வாழும் இப்பகுதியிலேயே கிடைத்தது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் சிறிய உரைகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் கல் அது. அதன்மேல் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுக்குரிய தமிழ்ப் பிராமி எழுத்தில், பெரும்பத்தன் என்பவனின் கல் என்று பொருள்படும் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பொற்கொல்லரைப் ‘பத்தர்’ என்று இன்றும் நாம் அழைக்கிறோம் அல்லவா? கடல்கடந்து வந்த ஒரு பத்தர், தம் கருவி தொலைந்துவிடக்கூடாதே என்று அதில் பெயர் பொறித்து வைத்திருக்கிறார். கருவியில் பெயரெழுதி வைக்கும் பழக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொழிலாளிகளுக்கும் எக்காலத்திலும் பொது. தென்கிழக்காசியாவில் கிடைத்த மிகப் பழைய தமிழெழுத்துச் சான்றுகளுள் ஒன்று மன்னனின் மெய்க்கீர்த்தியாக இல்லாமல் தட்டாரின் உரைகல்லாக இருப்பது நமக்குப் பெரும் நிறைவைத் தருகிறது.

உரோமப் பொன்னுக்கு வருவோம். முதல் நூற்றாண்டின் பிளினி, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று வருந்தி எழுதினார். அவர் வருந்திய பணத்தின் ஒரு பகுதி தமிழ் மண்ணுக்குள் இருந்து இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது. அவற்றுள் 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையல் தனித்தன்மை உடையது. 501 பொற்காசுகள், அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான பேரரசர் காலத்தவை. இவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில் இவற்றை ஆராய்ந்து எழுதினார்; காசுகளுள் பல அந்த அருங்காட்சியகத்துக்கே சென்றன.

ஏன் வெட்டினர்? உள்ளே செம்பு உண்டா என்று சோதிக்க என்றால், எங்கு வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம்; தேய்ந்த காசையும் புதுக்காசையும் ஒரேபோல் தலையில் வெட்டவேண்டியதில்லை. எனவே, இனி இது நாணயமன்று, வெறும் பொன் என்று அறிவிப்பதற்காக வெட்டியிருத்தல் வேண்டும் என்னும் கருத்தே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. யவனர் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறும்போது, காசு என்று சொல்லாமல் பொன் என்றே சொல்வதும் இங்கே எண்ணத்தக்கது. தமிழகத்தில் கிடைத்த வேறு சில உரோமக் காசுகளில் துளை உண்டு. அவை கழுத்தில் தொங்கியவை. வெட்டுண்ட காசு உருக்குதற்கு, துளையுண்ட காசு அணிதற்கு. நம் மாணவரின் தம்பியும் தங்கையும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே வாதாடத் தொடங்கிவிட்டனர் போலும்.

இதே புதுக்கோட்டையில்தான் பிற்காலத்தில் ‘அம்மன் காசு’ என்னும் மிகச் சிறிய செப்புக்காசு புழங்கியது. அதன் மதிப்பின் சிறுமையே ‘அம்மஞ்சல்லிக்குப் பெறாது’ என்னும் வழக்கைத் தந்தது.

சோழர் காலத்தில் பொன்னின் கணக்கு விதைகளில் நடந்தது. 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. ஒரு கழஞ்சு எடையுள்ள பொற்காசுக்கு மாடை என்றும், அதில் பாதிக்குக் காசு என்றும் பெயர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுத்தனர். மணிகள் இழைத்த அணிகலன்களுக்குத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் வேறொரு கல். எடைக்கல்லுக்கு இறைவன் பெயரை வைத்துவிட்டால் அதில் ஏமாற்ற யாருக்குத் துணிவு வரும்?

மஞ்சாடி மரத்தைச் சிங்கப்பூர் ஆசிரியர்கள் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் பூங்காக்களில் பிள்ளைகள் பொறுக்கிச் சேர்க்கும் சிவந்த ‘சாகா’ விதைதான் மஞ்சாடி. மலாய்ப் பொற்கொல்லரும் அவ்விதையைக் கொண்டே பொன் நிறுத்தனர். நான்கு விதை ஏறத்தாழ 1 கிராம் நிறுக்கும். பத்து விதைகளை ஒரு மாணவரின் உள்ளங்கையில் வைத்து, ‘இது இராசராசன் காலத்து ஒரு காசின் எடை’ என்று சொல்லிப் பாருங்கள். கல்வெட்டுப் பாடம் வேறுவிதமாக அமையும்.

பொன் ஒரு திசையில் மட்டும் செல்லவில்லை. முதலாம் இராசேந்திரன் காலத்து நாகப்பட்டினக் கல்வெட்டு, கிடாரத்து அரசன் சார்பில் அங்குள்ள கோயிலுக்குச் ‘சீனக்கனகம்’ அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. சீனப் பொன்னை மலாய்த் தீவுகளின் அரசன் தமிழ்க் கோயிலுக்குத் தருகிறான். சுமத்திராவின் பாருஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர், கப்பலில் வருவோர் கத்தூரியின் விலைக்கு ஏற்பப் பொன்னாகச் செலுத்தவேண்டிய கட்டணத்தை வகுக்கின்றனர். வணிகரின் மொழி பொன்னாகவே இருந்தது.

விசயநகரப் பேரரசில் பொற்காசு வராகன் ஆயிற்று. சாளுக்கியரின் பன்றிச் சின்னத்திலிருந்து வந்த பெயர், எந்த உருவம் பொறித்திருந்தாலும் அந்த எடைக்காசுக்கு நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 3.4 கிராம் எடை. அதில் பாதி ‘பொன்’. மிகச் சிறிய பொற்காசு ‘பணம்’. கிருஷ்ணதேவராயரின் பாலகிருஷ்ணன் உருவ வராகன் இன்று சேர்ப்போர் பெரிதும் விரும்பும் காசுகளுள் ஒன்று. வராகனை ஐரோப்பியர் ‘பகோடா’ என்றனர். தெய்வ உருவம் இருந்ததனால் கோயிலின் பெயரையே காசுக்கு இட்டுவிட்டனர். கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னைக் கோட்டையில் தாமும் வராகன் அடித்தனர். நட்சத்திரப் பகோடா அவற்றுள் பரவலானது. கணக்கு இப்படி: 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன், ஒரு வராகன் மூன்றரை ரூபாய். 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் நிலைபெற்றதும் வராகன் கணக்கேடுகளை விட்டு நீங்கியது.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவில் சம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் தோண்டியபோது 505 பொற்காசுகள் வெளிப்பட்டதை நினைவிற் கொள்வோம். மொத்த எடை 1.716 கிலோ என்று செய்தி வந்தது. வகுத்துப் பார்த்தால் காசு ஒன்றுக்கு 3.4 கிராம். வராகனின் எடைமுறை இது என்பதைச் சொல்ல நாணயவியல் பட்டம் வேண்டியதில்லை. நான்காம் வகுப்புக் கணக்கு போதும்.

‘காஷ்’ என்னும் ஆங்கிலச் சொல் நம் ‘காசு’ என்பதிலிருந்து வந்தது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம், கைதட்டலும் விழுகிறது. இது பாதி உண்மை. ரொக்கப்பணம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல், பேழையைக் குறிக்கும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களின் வழியில் வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் ஒலியால் ஒத்த வேறொரு சொல் உண்டு: கீழை நாடுகளின் சிறு காசைக் குறிப்பது. அதுவே தமிழ்க் காசு, போர்த்துகீசியர் வாய்வழி சென்றது. நடுவில் சதுரத்துளை உள்ள சீனச் செப்புக்காசை ஆங்கில நூல்கள் இன்றும் அச்சொல்லாலேயே குறிக்கின்றன. சிங்கப்பூர் ஆற்றங்கரை அகழாய்வுகளில் சீனக் காசுகள் கிடைத்ததை ஆங்கில அறிக்கையில் படிக்கும்போது, சீனருடைய பொருளுக்குத் தமிழருடைய பெயர் ஆங்கில எழுத்தில் நிற்கிறது. இம்முழு உண்மை, மேடையில் சொல்லப்படும் பாதி உண்மையைவிடச் சுவையானது என்பது நம் எண்ணம்.

இனிப் பவுன். 1817இல் இங்கிலாந்தில் தொடங்கிய சாவரின், 22 காரட் பொன்னில் 7.988 கிராம் எடை உடையது. தமிழர் இதனைக் காசாகவும் எடையாகவும் அணியாகவும் ஒருசேர ஏற்றுக்கொண்டனர். நம் பவுன் எட்டுக் கிராமாக இருப்பது இக்காசின் நிழல். முற்கால உரோமப் பொற்காசும் எட்டுக் கிராமுக்குச் சற்றே குறைவு என்பதை நினைத்தால், ஏறத்தாழ ஒரே அளவுள்ள மேலைப் பொன் இருமுறை நம்மிடம் வந்து அணியாகிப் போனதைக் காணலாம். பிளினியின் முறையீட்டையே 20ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பொருளியலாரும் வேறு சொற்களில் எழுதினர்: இந்தியாவுக்குள் போகும் பொன் திரும்புவதில்லை.

சாவரினின் பின்புறத்தில் பிஸ்ட்ரூச்சி வடித்த புனித ஜார்ஜ், குதிரைமீதமர்ந்து பறவைநாகத்தைக் கொல்கிறார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்துக் காசில், ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே, நிலத்தின்மேல் நுண்ணிய ஓர் எழுத்து இருந்தால், அது அடிக்கப்பட்ட சாலையைக் குறிக்கும். சிட்னிக்கு எஸ், மெல்பர்னுக்கு எம், பெர்த்துக்கு பி. எழுத்து இல்லையேல் லண்டன். ஐ என்றிருந்தால் பம்பாய். அங்கே அக்காலத்தில் சாவரின் அடித்தது 1918 என்னும் ஒரே ஆண்டெண்ணில்தான்; ஏறத்தாழ 13 லட்சம். அதே எடையில் 15 ரூபாய்ப் பொற்காசும் அவ்வாண்டு அங்கே அடிக்கப்பட்டது.

சிங்கப்பூரில் பவுனும் வெள்ளியும் சட்டப்படி கைகோத்தது 1906இல். 60 வெள்ளிக்கு 7 பவுன் என்று நீரிணைக் குடியேற்ற அரசு மதிப்பை நிலைநிறுத்தியது. ஒரு பவுனுக்கு 8 வெள்ளி 57 காசு. “பவுன் எத்தனை வெள்ளி?” என்ற வினாவுக்கு நாள்தோறும் மாறாத ஒரு விடை இருந்த காலம் அது.

அக்காலத்து ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடல். பின்னர் நகராட்சித் தலைவர் ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயரைப் பெற்று விளையாட்டுத் திடலாயிற்று. 1942 பிப்ரவரி 17இல் பல்லாயிரம் இந்தியப் படைவீரர்கள் அங்கே ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அதன்பின் மூன்றரை ஆண்டு புழங்கியது ஜப்பானியர் அச்சடித்த தாள். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்ததால் மக்கள் அதனை வாழைமரப் பணம் என்றனர். அடிக்க அடிக்க மதிப்பிழந்து, 1945 செப்டம்பரில் அது வெறும் காகிதமாயிற்று. பணத்தைத் தாளாக வைத்திருந்தவர் கைவிரித்தனர். கழுத்தில் நாலு பவுன் வைத்திருந்தவர் அரிசி வாங்கினர்.

நம் மாணவர் கொணர்ந்த மாலையின் கதை இவ்விடத்தில்தான் விளங்கியது. மாலையில் 21 காசுகள். கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அவற்றுள் நான்கு மட்டுமே உண்மைச் சாவரின். ஏனைய 17, பத்தர் அச்சில் அடித்த இலக்குமிக் காசுகள், எடையும் குறைவு. தம்பிக்கு முகம் வாடிவிட்டது. பாட்டியை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றார். அவர்களுடைய பெரிய அத்தையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். முதலில் 21உம் பவுன்தானாம். ஜப்பானியர் காலத்தில் பாட்டியார் ஒவ்வொன்றாகக் கழற்றி விற்று, மரவள்ளிக்கு நடுவே எப்போதாவது அரிசியும், காய்ச்சலுக்கு மருந்தும் வாங்கினாராம். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப்பின், மகளின் திருமணத்துக்காக வெற்றிடங்களை இலக்குமியால் நிரப்பினாராம். அன்று விற்கப்பட்ட பதினேழு காசுகளின் பெயரேடு இம்மாலைதான்.

விலை பற்றியும் சொல்லவேண்டும். அதைக் கேட்கத்தானே வந்தார்கள். பழம்பொற்காசின் விலை இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று பொன்னின் விலை; மற்றொன்று அருமையின் விலை. முதலாவதை உலகச் சந்தை நிர்ணயிக்கிறது. இரண்டாவது, அந்த ஆண்டில், அந்தச் சாலையில், அந்த நிலையில் எத்தனை காசுகள் மிஞ்சியுள்ளன என்பதையும், அவற்றைத் தேடுவோர் எத்தனை பேர் என்பதையும் பொறுத்தது. பழமை மட்டும் அருமை ஆகாது. விக்டோரியா காலத்துச் சாவரின்களுள் பல ஏராளமாகக் கிடைப்பதால் பொன் விலைக்குச் சற்று மேலேதான் போகின்றன. 1917இன் லண்டன் சாவரினோ அரிது. வளையம் பற்றவைத்த காசுக்கு இரண்டாம் பகுதி ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். புளி தேய்த்தோ மருந்திட்டோ பளபளப்பாக்கினாலும் அப்படியே. காலம் ஏற்றிய மங்கலைத்தான் சேர்ப்போர் விலைகொடுத்து வாங்குகின்றனர். இரண்டாம் உலகப்போருக்குப்பின் லெபனானிலும் இத்தாலியிலும் முழு எடைப் பொன்னிலேயே போலிச் சாவரின்கள் அடிக்கப்பட்டன. காசு பொன்னைவிடக் கூடுதல் விலைக்குப் போனதால் அதில் ஆதாயம் இருந்தது. எனவே உரைகல் மட்டும் போதாது, எழுத்தையும் படிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் முதலீட்டுப் பொன்னுக்கு 2012 அக்டோபர் முதல் பொருள் சேவை வரி இல்லை. ஆனால் அதற்கு 99.5 விழுக்காட்டுத் தூய்மை வேண்டும். 22 காரட் பழங்காசு அவ்வரையறைக்குள் வராது. 9 விழுக்காடு வரி கொடுத்து வாங்கி, விற்கும்போது வணிகருக்கு ஒரு பங்கு விட்டுக்கொடுத்தால், ஆதாயம் பார்க்க நெடுங்காலம் பொறுக்க வேண்டியிருக்கும். முதலீடு மட்டுமே நோக்கம் என்பவர்க்குப் பழங்காசை நாம் பரிந்துரைக்க மாட்டோம். இதனைக் கேட்டுத் தங்கையின் முகமும் வாடிற்று.

அவர்களுடைய உறவினர் ஒருவர், ஊரில் நிலம் உழும்போது கிடைத்த வராகன்கள் சில இருப்பதாகவும், விடுமுறைக்கு வரும்போது கொண்டுபோகலாம் என்றும் தூது அனுப்பியிருந்தார். இதில் மட்டும் நாம் கடுமையாகவே பேசினோம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, இந்திய மண்ணில் கிடைத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972இன் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயத்தைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஒரு காசு எந்த ஊரில், எந்தக் கலத்தில், எந்தக் காசுகளோடு கிடைத்தது என்பதே வரலாற்றுக்கு வேண்டியது. சட்டைப்பையில் கடல் கடந்த வராகன் அச்செய்தியை இழந்துவிடுகிறது. கருக்காக்குறிச்சியின் 501 காசுகள் ஒன்றாகக் கிடைத்ததனால்தான் அந்த வெட்டு ஒரு வழக்கம் என்று நாம் அறிகிறோம். தனித்தனியாக விற்கப்பட்டிருந்தால் ஒவ்வொன்றும் பழுதான காசு என்றே தள்ளப்பட்டிருக்கும்.

‘நாணயம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் காசு என்பதோடு நேர்மை என்றும் பொருள் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று மாணவர் கேட்பதுண்டு. காசைக் கொடுப்பவரையும் காசைப் போலவே உரைத்துப் பார்த்த சமுதாயம் அப்பொருளை வளர்த்தது என்று சொல்வோம். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று மனிதரைப் புகழ்வதும் அதே உரைகல்லில்தான்.

டப்பாவில் தனியே இருந்த காசைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். வளையமில்லாத சாவரின், 1918, குதிரையின் குளம்புக்குக் கீழே, ஆண்டெண்ணுக்கு மேலே, ஐ என்னும் எழுத்து. 13 லட்சம் காசுகளுள் ஒன்றாகையால் பெருவிலை பெறாது. ஆனால் லண்டனில் வடித்த உருவத்தைப் பம்பாயில் அடித்து, கப்பலேறிச் சிராங்கூன் சாலைக்கு வந்த காசு அது. இருபத்திரண்டாவது காசாக அதைப் பாட்டியார் ஏன் மாலையில் கோக்கவில்லை, ஏன் விற்கவுமில்லை என்று பெரிய அத்தையிடம் கேட்டோம். “அது அம்மாவுக்கு அப்பா கப்பலேறும்போது கையில் குடுத்து அனுப்பினது” என்றார்.

நம் மாணவர் அதனை ஒருநாள் தம் வகுப்புக்குக் கொண்டுசென்று, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பிள்ளைகளிடம் காட்டினார். இருபத்தெட்டுப் பேரில் ஐந்து பேர் அந்த எழுத்தைத் தாமாகவே கண்டுபிடித்தனராம். மாலை இன்னும் உருக்கப்படவில்லை. தம்பி வாரந்தோறும் பவுன் எத்தனை வெள்ளி என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.